சுவர் ஆதாரமாகாது

அக்டோபர் 6, திங்கள்

இன்று வரவேற்ற புதியவர்கள் ஆறு பேர். இதோடு 2,906.

எங்கள் இணையக் கலைக்களஞ்சியத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறோம். அதை நம்பி வருகிறவர்களை வரவேற்க ஒரு குழு இருக்கிறது. குழு என்பது நான்தான். மஸ்கட்டில் இருக்கும் சக நிர்வாகி வளைகுடா வேந்தனும் பெயரளவில் உண்டு. ஐந்தாண்டுகளில் அவர் ஒரே ஒருவரை வரவேற்றார். அந்த ஒருவர் இப்போதும் எழுதிக்கொண்டிருக்கிறார் என்பதை அடிக்கடி நினைவூட்டுவார்.

வரவேற்புச் செய்தி நான் தயாரித்தது. "உங்கள் வரவு நல்வரவாகுக" என்று தொடங்கிப் பதினான்கு விதிப் பக்கங்களுக்கு வழிகாட்டும். பொத்தானை அழுத்தினால் பெயர் தானாக விழும். வரவேற்கப்பட்டவர்களில் மறுபடி வந்தவர்கள் பதினொரு பேர். அதில் நான்கு பேர் கணக்கை எப்படி மூடுவது என்று கேட்க வந்தார்கள். அதற்கும் ஓர் இணைப்பு சேர்த்தால் பதினைந்தாகும். யோசிக்கிறேன்.

மாலை மோட்டார் ஓடவில்லை. கல்லூரி நூலகத்தில் நாள் முழுக்கப் பட்டியலிட்டுவிட்டு வந்து சம்பிலிருந்து வாளியில் மொண்டேன்.

அக்டோபர் 8, புதன்

மீட்டர் பார்க்கும் அம்மாள் வந்தார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறவர்தான். நாங்கள் 2017இல் இந்த வீட்டை வாங்கியதிலிருந்து அவரே வருகிறார். பெயர் தெரியாது. இன்று மீட்டரைப் பார்த்துவிட்டுப் போகாமல் அதற்குக் கீழே சுவரைத் தடவிக்கொண்டு நின்றார்.

"சார், இந்தப் பெயின்ட் நீங்க அடிச்சதா?"

"வாங்கும்போதே அடிச்சிருந்தது. ஏன்?"

"வெள்ளம் வந்த கோடு தெரியலை. விக்கிறவங்க முன்னாடி மட்டும் அடிப்பாங்க, பின்பக்கம் விட்டுடுவாங்க. ஒரு எட்டு போய்ப் பாத்துக்கட்டுமா? டேப் வச்சிருக்கேன்."

"மீட்டர் பார்க்க வந்தவங்க மீட்டரைப் பாருங்கம்மா."

"சரி சார்" என்று சொல்லி ஒரு சின்ன நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டு போனார். உள்ளே வந்ததும் இந்துமதி கேட்டாள்: "பின்னாடி போனா என்னவாம்? தங்கம் புதைச்சு வச்சிருக்கீங்களா?" முறை என்று ஒன்று இருக்கிறது என்றேன். என் மனைவி முறைகளைப் பற்றிப் பொதுவாக நல்ல அபிப்பிராயம் உள்ளவள் அல்ல.

அக்டோபர் 11, சனி

புதிய பயனர், ஜெசி 74. வரவேற்றேன் (2,913). வந்த வேகத்திலேயே ஒரு கட்டுரை போட்டிருந்தார். தலைப்பு: "செங்கழுநீர் நகரில் தண்ணீர் நின்ற உயரம்."

செங்கழுநீர் நகர் நாங்கள் இருக்கும் பகுதி. அதைப் பற்றிக் கலைக்களஞ்சியத்தில் ஏற்கெனவே மூன்று வாக்கியத்தில் ஒரு கட்டுரை இருக்கிறது; நான் எழுதியது; மூன்றுக்கும் மேற்கோள் உண்டு. இதிலோ மேற்கோளே இல்லை. முதல் பத்தியைப் படித்தேன். 2015 வெள்ளத்தில் எந்த வீட்டில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று சுவரில் இருக்கும் கோட்டை வைத்து எழுதியிருப்பதாகவும், மக்களுக்குப் பயன்படும் என்றும் சொல்லியிருந்தார். பயன்படுவது எங்கள் நோக்கங்களில் இல்லை. கீழே முந்நூறு வீடுகளின் பட்டியல். அதைப் படிக்கவில்லை.

நான்கு நிமிடத்தில் நீக்கினேன். காரணம்: மேற்கோள் இல்லை. கல்லூரிப் பயிலரங்கு ஏதாவது நடந்திருக்கும். இப்படிப் பையன்கள் ஆர்வக் கோளாறில் வருவார்கள்.

இந்துமதி தோசைக்கு அரைக்கச் சொன்னாள். கிரைண்டர் பெல்ட் மாற்ற வேண்டும்.

அக்டோபர் 12, ஞாயிறு

ஜெசி 74 என் பேச்சுப் பக்கத்தில், அதாவது பயனர்கள் எனக்குச் செய்தி விடும் இடத்தில், எழுதியிருக்கிறார்:

"ஐயா வணக்கம். நீங்கள் அனுப்பிய பதினான்கையும் படித்தேன். ஆதாரம் வேண்டும் என்று புரிந்தது. என்ன ஆதாரம் என்று சொன்னால் கொண்டுவருகிறேன்."

பதினான்கையும் படித்த முதல் ஆள். எனக்கே பதினொன்றாவது விதி சரியாக நினைவில்லை. பதில் எழுதினேன்: அச்சில் வந்த நூல், நாளிதழ், அரசு அறிக்கை.

அக்டோபர் 13, திங்கள்

"ஐயா, நாளிதழில் எங்கள் தெருக்கள் வரவில்லை. அவர்கள் படகு வந்த தெருவுக்குத்தான் வந்தார்கள். எங்கள் பக்கம் படகு வரவில்லை. ஆனால் சுவரில் கோடு இருக்கிறது. நீங்கள் எந்த ஊர் என்று தெரியாது. வந்தால் காட்டுகிறேன்."

பதில்: "சுவர் ஆதாரமாகாது. கல்வெட்டாகவே இருந்தாலும் அதைப் பற்றி யாராவது எழுதி, அது அச்சாகியிருக்க வேண்டும்."

தெளிவான பதில். விதிப் பக்கத்திலேயே சேர்க்கலாம்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எண்ணெய்க் குளியல். எதிர்வீட்டு அன்சாரிக்குப் பலகாரம் கொடுத்தனுப்பினோம். அவர் மனைவி நிலோஃபருக்கு நிறைமாதம்.

குடியிருப்போர் நலச் சங்கத்தின் வாட்ஸப் குழுவில், பட்டாசுப் புகை டெங்குக் கொசுவை ஒழிக்கிறது என்று ஒருவர் அனுப்பியிருந்தார். வழக்கம்போல் "ஆதாரம்?" என்று கேட்டேன். குழுவில் எது வந்தாலும் நான் கேட்பது இந்த ஒரு சொல்தான். இதனால் தெருவில் என்னை "ஆதாரம் சார்" என்று அழைக்கிறார்கள். அசல் பெயரே பலருக்குத் தெரியாது. பாராட்டாகவே எடுத்துக்கொள்கிறேன்.

நவம்பர் 2, ஞாயிறு

ஜெசி 74 மூன்றாவது முறையாகக் கட்டுரையைப் போட்டார் (இரண்டாவதை அக்டோபரிலேயே நீக்கியிருந்தேன்). இம்முறை ஒவ்வொரு வீட்டுக்கும் எதிரே "மேற்கோள்: சுவர்" என்று சேர்த்திருந்தார். முந்நூறு முறை.

நீக்கினேன். ஒரு மாதம் தடை விதித்தேன். தடை செய்யும் பொத்தானும் வரவேற்கும் பொத்தானும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் கவனமாக அழுத்த வேண்டும். வளைகுடா வேந்தன் கட்டை விரலை உயர்த்தினார்.

நவம்பர் 10, திங்கள்

நிலோஃபருக்குப் பெண் குழந்தை. கிரைண்டர் பெல்ட் வந்துவிட்டது, அளவு சரியில்லை.

நவம்பர் 24, திங்கள்

காலையிலிருந்து மழை. கல்லூரி விடுமுறை. குழுவில், போன வெள்ளத்தில் நம் நான்காவது தெருவில் எவ்வளவு தண்ணீர் வந்தது என்று யாரோ கேட்க, விவாதம் தொடங்கியது.

சங்கச் செயலாளர் தனபால் கால்கூட நனையவில்லை என்றார். அவர் மனை வாங்கி விற்பவர். தையற்கடைக்காரர் கழுத்தளவு என்றார். அவர் மைத்துனர் முழங்கால் என்றார், மைத்துனர் அப்போது தூத்துக்குடியில் இருந்தார் என்று தையற்கடைக்காரரே சொன்னார். "ஆதாரம்?" என்று கேட்டேன். எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். யாரிடமும் இல்லை.

நவம்பர் 25, செவ்வாய்

மழை நிற்கவில்லை. ஏரியைத் திறக்கப்போவதாகச் சொல்கிறார்கள்.

நீக்கப்பட்ட பக்கங்களை நிர்வாகிகள் மட்டும் பார்க்கலாம். நிர்வாகப் பணியின் பொருட்டு ஒரு பக்கத்தைச் சரிபார்த்தேன். முழுவதும் படிக்க ஐம்பது நிமிடம் ஆயிற்று. எழுத்துநடை எளிமையாக இருக்கிறது. எங்கள் தெருவைப் பற்றி:

"எண் 9: நான்கடி. மீட்டர் பெட்டி முழுகியது. பிறகு ஆறடிக்கு ஏற்றிவிட்டார்கள். எண் 10: நான்கடி இரண்டங்குலம். எண் 11: அளக்கவில்லை, வீட்டுக்காரர் அனுமதி தரவில்லை. எண் 12: நான்கடி ஒரு அங்குலம்."

எங்கள் வீட்டு எண் 11. இதை இரண்டு முறை படித்தேன். அப்போது மோட்டார் ரிப்பேர்க்காரர் வந்துவிட்டார்.

மதியம் ஸ்கூட்டரை இரண்டாவது தெரு மாவு மில்லருகே நிறுத்திவிட்டு நடந்து வந்தேன். பட்டியலில் மாவு மில்லுக்கு எதிரே "கணுக்கால்" என்றிருந்தது. நடப்பது உடம்புக்கு நல்லது. பிறகு புத்தகங்களைப் பரணில் ஏற்றினேன். பிரிட்ஜை நான்கு செங்கல் அடுக்கி அதன்மேல் மேசை போட்டு ஏற்றச் சொன்னேன்.

"என்ன திடீர்னு? யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்றாள் இந்துமதி.

"தூசி" என்றேன்.

"பிரிட்ஜுக்கா?"

நவம்பர் 26, புதன்

தெருவில் கெண்டைக்கால் தண்ணீர்.

ஒன்று நேற்று எழுத விட்டுப்போயிற்று. பட்டியலின் கடைசியில் நகரின் கல்யாண மண்டபமான தேனாம்பிகை மகால் இருக்கிறது. "முன்வாசலுக்குப் பன்னிரண்டு படி. அதனால் எல்லாரும் உயரம் என்று நினைக்கிறார்கள். பந்திக்கூடம் கீழே பள்ளத்தில் இருக்கிறது. தண்ணீர் முன்பக்கம் வராது, பின்னால் கால்வாய்ச் சுவரைத் தாண்டி வரும். முன்னால் நிற்பவர்களுக்குத் தெரியாது. ஏழடி. இதை அளக்கவில்லை. அப்போது உள்ளே இருந்தேன்."

நேரடி அனுபவத்தை ஆதாரமாக ஏற்பதில்லை என்பது எங்கள் மூன்றாவது விதி.

நவம்பர் 27, வியாழன்

காலை பத்து மணிக்கு ஏரியைத் திறந்துவிட்டதாக அறிவிப்பு. தனபால் குழுவில் போட்டார்: "தரைத்தளத்தில் இருப்பவர்கள் பன்னிரண்டு மணிக்குள் தேனாம்பிகை மகாலுக்கு வந்துவிடவும். பந்திக்கூடத்தில் பாய் விரித்தாயிற்று. மதியச் சாப்பாடு உண்டு."

பதில் தட்டினேன். அழித்தேன். மறுபடி தட்டினேன். இந்துமதி பை கட்டிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த போன்ல அப்படி என்னதான் எழுதி எழுதி அழிக்கிறீங்க?"

"மகால் வேண்டாம்."

"அதை என்கிட்ட சொல்லி? வாசல்ல பாருங்க."

வாசலில் முழங்கால் தண்ணீரில் ஆட்டோ நின்றது. உள்ளே நிலோஃபர், மடியில் பதினேழு நாள் குழந்தை. அன்சாரி பாத்திர மூட்டையை ஏற்றிக்கொண்டிருந்தார். தனபால் குடையோடு நின்று ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தார். இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன்.

"மகாலுக்குப் போகாதீங்க" என்றேன்.

"ஏன் சார்?" என்றார் தனபால்.

"பந்திக்கூடம் பள்ளம். கால்வாய்ப் பக்கமிருந்து தண்ணி ஏறும். போன தடவை ஏழடி நின்னிருக்கு."

"யார் சொன்னா?"

தையற்கடைக்காரர் மழையில் நனைந்துகொண்டே சிரித்தார். "சார், ஆதாரம்?"

எல்லோரும் சிரித்தார்கள். குழந்தையை வைத்திருந்த நிலோஃபர்கூட. எட்டு வருடம் நான் கேட்ட கேள்வி, கேட்கப்பட்டால் எப்படி இருக்கும் என்று இதுவரை யோசித்ததில்லை. என்னிடம் இருந்தது, மேற்கோள் இல்லை என்று நானே மூன்று முறை நீக்கிய ஒரு பக்கம். எழுதியவர் நானே தடை செய்த பயனர். அவருடைய ஆதாரம் சுவர்.

"மீட்டர் பார்க்க வர்ற அம்மா எழுதியிருக்காங்க" என்றேன்.

சிரிப்பு நின்றது.

"யாரு, ஜெசிந்தாக்காவா?" என்றார் அன்சாரி.

எனக்குப் பெயர் தெரியாது என்பதைச் சொல்லிக்கொள்ளவில்லை. தலையசைத்தேன்.

"அதை முதல்லயே சொல்ல வேண்டாமா சார்! அண்ணே, வண்டியத் திருப்புங்க. மகால் வேணாம்."

"யோவ், நூறு பேருக்குச் சாம்பார் சாதம் கிண்டியாச்சுய்யா" என்றார் தனபால்.

"நீங்க போய்ச் சாப்பிடுங்க. அந்தக்கா எங்க வீட்டுச் சுவரைக் குத்துக்கால் போட்டு ஒக்காந்து அளந்துச்சு. பொய் சொல்லாது."

நிலோஃபர் அதற்குள் போனில் அவரைப் பிடித்துவிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள். மீட்டர் எண் சொல்லும் அதே குரல், மழைச் சத்தத்துக்கு மேலே: "நாலாவது தெருவா? ரெண்டாவது தெரு ஸ்கூல் மாடிக்குப் போங்க. பச்சப்புள்ளைய வச்சுக்கிட்டு மகாலுக்குப் போகாதீங்க, நான் சொல்றேன். மாவு மில் சைடுல டிரான்ஸ்பார்மர் இருக்கு, அந்தப் பக்கம் யாரும் நடக்காதீங்க. அங்க வண்டி ஏதாச்சும் நின்னாத் தொடாதீங்க."

ஸ்கூட்டரைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

"இதை எல்லாருக்கும் எழுதித்தான்மா வச்சேன், எடுத்துட்டாங்க" என்றது போன். "சரி, வச்சிடுறேன், அஞ்சாவது தெருக்காரங்க கூப்பிடுறாங்க."

நவம்பர் 28, வெள்ளி

பள்ளி மாடி. எங்கள் தெருவிலிருந்து முப்பத்திரண்டு பேர். தண்ணீர் பள்ளியின் இரண்டாவது படியில் நின்றுவிட்டது. பட்டியலிலும் இரண்டாவது படி என்றுதான் இருக்கிறது.

ஏழாவது தெருக்காரர்கள் நாற்பத்தொரு பேர் நேற்றே மகாலுக்குப் போயிருந்தார்கள். மாலை நான்கு மணிக்குப் பின்பக்கமாகத் தண்ணீர் வந்திருக்கிறது. மேலே கல்யாணக் கூடத்துக்குள்ளும் தண்ணீர் ஏற, மணமேடையில் ஏறி, மணமக்கள் நாற்காலிகளின்மேல் குழந்தைகளை நிறுத்தி, விடியும்வரை நின்றிருக்கிறார்கள். படகில் கொண்டுவந்தார்கள். உயிர்ச்சேதம் இல்லை. ஒருவருக்கு இடுப்பெலும்பு முறிவு. தனபால் ஓரமாக உட்கார்ந்திருக்கிறார். அவரும் அங்கேதான் நின்றாராம்.

மதியம், படகில் வந்தவர்களில் ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்து சட்டையைப் பிழிந்தார். இடுப்பு முறிந்தவருக்குத் தம்பி. போனை நீட்டினார்.

"ஜெசிந்தாக்கா போன மாசம் எங்க தெரு பூரா இந்த லிங்கை எழுதிக் குடுத்துட்டுப் போச்சு சார். தண்ணி வந்தா இதைப் பாருங்கன்னு. நேத்து திறந்தா இப்படி வருது."

திரையில்: "இந்தப் பக்கம் நீக்கப்பட்டுள்ளது. காரணம்: மேற்கோள் இல்லை. நீக்கியவர்: சபேசன்."

"இந்தச் சபேசன் யாருன்னு தெரியுமா சார்? நீங்க படிச்சவரு."

"பொதுவான பெயர்" என்றேன்.

இந்துமதி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நவம்பர் 30, ஞாயிறு

வீட்டுக்கு வந்தோம். சேறு. பரணில் ஏற்றிய புத்தகங்களுக்கு ஒன்றுமில்லை. பிரிட்ஜ் பிழைத்தது. கிரைண்டர் போயிற்று. இந்துமதி மூன்று நாளாகத் தேவைக்கு மேல் பேசுவதில்லை. இன்று தேவைப்பட்டது: "உங்க பேரு அவ்வளவு பொதுவான பேருன்னு எனக்கு இத்தனை வருஷமாத் தெரியாமப் போச்சு."

டிசம்பர் 1, திங்கள்

மின்சாரம் வந்தது. கலைக்களஞ்சியத்தின் பார்வைக் கணக்கைப் பார்த்தேன். நவம்பர் 26, 27 தேதிகளில், நீக்கப்பட்ட அந்தப் பக்கத்தைத் திறந்தவர்கள் 612 பேர். எங்கள் கலைக்களஞ்சியத்தில் அந்த இரண்டு நாளும் அதிகம் பார்க்கப்பட்ட பக்கம் அதுதான். அதில் இருந்ததோ என் பெயர் மட்டும்.

அவர்களில் எத்தனை பேர் பிறகு மகாலுக்குப் போனார்கள் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

டிசம்பர் 2, செவ்வாய்

கட்டுரையை மீட்டேன். தடையையும் நீக்கினேன், எப்படியும் இன்றோடு முடிகிறது.

வளைகுடா வேந்தன் பத்து நிமிடத்தில் வந்தார். "மேற்கோள் எங்கே? விதி எல்லோருக்கும் ஒன்று." நானே அவருக்கு 2019இல் எழுதிய வாக்கியம் அது. நீக்கல் வாக்கெடுப்புக்கு விட்டிருக்கிறார். ஏழு நாள்.

"நான் பார்த்தேன். தண்ணீர் எழுதியபடியே நின்றது" என்று எழுதினேன்.

"நேரடி அனுபவம் ஆதாரமல்ல, விதி 3" என்று பதில் வந்தது. சரியான பதில்.

டிசம்பர் 5, வெள்ளி

நாளிதழில் செய்தி. "மகாலில் நாற்பத்தொரு பேர் தவிப்பு. மகாலின் பந்திக்கூடத்தில் ஏழடி தண்ணீர் ஏறும் என்று இணையக் கலைக்களஞ்சியக் கட்டுரை ஒன்று முன்பே எச்சரித்திருந்தது. அது பின்னர் நீக்கப்பட்டது."

வளைகுடா வேந்தனுக்கு அனுப்பினேன். உடனே பதில்: "அருமை! அச்சில் வந்துவிட்டதே. இதையே மேற்கோளாகக் கொடுத்து வைத்துக்கொள்ளலாம்."

ஆக, ஏழடி என்பதற்குக் கட்டுரையின் ஆதாரம் நாளிதழ். நாளிதழின் ஆதாரம் கட்டுரை. கட்டுரை இனி நிலைக்கும். விதிகளை நான் இதுவரை இவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை.

டிசம்பர் 6, சனி

ஜெசி 74க்குப் பின்னூட்டம் எழுத வேண்டும். இதற்கும் ஒரு பொத்தான் இருக்கிறது: "தங்கள் பங்களிப்பு மறு ஆய்வுக்குப் பின் ஏற்கப்பட்டது. தொடர்ந்து பங்களியுங்கள்!" அழுத்தப் போனேன். ஆச்சரியக்குறி உறுத்தியது.

கையால் எழுதினேன். காலையில் தொடங்கியது, மதியச் சாப்பாட்டுக்கு முன் முடிந்தது. இவ்வளவுதான்:

"ஜெசிந்தா அவர்களுக்கு. உங்கள் கட்டுரையை மூன்று முறையும் படிக்காமல் நீக்கினேன். நான்காவது முறை படித்தேன். அப்போது அது எனக்கு மட்டும்தான் தெரிந்தது. என் ஸ்கூட்டரை நகர்த்தினேன். வேறு யாருக்கும் இரண்டு நாள் சொல்லவில்லை. கட்டுரை நன்றாக இருக்கிறது. ஒரே குறை, நான்காவது தெருவில் எண் 11 இல்லை. அந்தக் குறை என்னுடையது. சபேசன்."

பேச்சுப் பக்கத்தில் எழுதினால் உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஏழாவது தெருக்காரரும். பதிப்பிக்கும் பொத்தானை அழுத்தினேன். இந்துமதியைக் கூப்பிட்டுக் காட்டினேன். படித்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். சாப்பாட்டில் அப்பளம் இருந்தது.

டிசம்பர் 8, திங்கள்

பதில் இல்லை. மறுபடி வராதவர்கள் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

ஏழாவது தெருத் தம்பி வாசலில் வந்து நின்றார். படித்திருக்கிறார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "அண்ணனுக்கு ஆபரேஷன் முடிஞ்சுது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருக்கலாம்.

டிசம்பர் 10, புதன்

ஜெசிந்தா வந்தார். காலில் ரப்பர் செருப்பு, தோளில் பை, கையில் கணக்கெடுக்கும் கருவி. கேட்டைத் திறந்துவிட்டேன். எட்டு வருடத்தில் முதல் முறை என்று இந்துமதி பிறகு சொன்னாள்.

"உள்ள வாங்கம்மா. காபி சாப்பிடுறீங்களா?"

"இன்னும் நாப்பது வீடு இருக்கு சார்."

"நான் எழுதினதைப் படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"அந்தச் சபேசன் நான்தான்."

"தெரியும் சார்."

"இப்பத் தெரியும். நான் சொல்றது, முதல்ல நீக்கினதும்—"

"அக்டோபர்லயே தெரியும்." பையிலிருந்து பட்டியலை எடுத்துக் காட்டினார். நாலாவது தெரு, எண் 11, இணைப்பு வைத்திருப்பவர் பெயர்: சபேசன். "இந்த ஏரியாவுல ஆயிரத்து நானூறு கனெக்ஷன் பாக்குறேன். சபேசன் நீங்க ஒருத்தர்தான். நீங்க எந்த ஊர்னு தெரியாத மாதிரிதான் எழுதினேன். வந்தா காட்டுறேன்னு சொன்னேனே. நீங்களா வருவீங்கன்னு பாத்தேன்."

"நேரா வந்து கேட்டிருக்கலாமே?"

"என்னன்னு கேக்குறது? நீங்கதான் அவர்னு சொல்ல என்கிட்ட என்ன ஆதாரம்?"

உள்ளேயிருந்து இந்துமதி சிரித்த சத்தம் கேட்டது. பன்னிரண்டு நாளுக்குப் பிறகு.

"பின்பக்கம் போகலாம், வாங்க" என்றேன்.

"சுவர் ஆதாரமாகாதுன்னீங்க."

"வாங்கம்மா."

பின்பக்கம் பழைய மாட்டுக்கொட்டகைச் சாமான்களும் உடைந்த சைக்கிளும் கிடந்தன. அவற்றை நகர்த்தினேன். அவர் சொன்னது சரி. விற்றவர் பின்பக்கம் பெயின்ட் அடிக்கவில்லை. இரண்டு கோடு இருந்தது. கீழே இருப்பது புதிது, இன்னும் ஈரம் காயாதது. மேலே பழுப்பாக ஒன்று, எட்டு வருடமாக நான் பார்க்காதது.

ஜெசிந்தா டேப்பை இழுத்தார். கீழ்முனையைச் சேற்றில் உட்கார்ந்து நான் பிடித்துக்கொண்டேன்.

"பழசு நாலடி ரெண்டு. புதுசு மூணடி நாலு. டேப்ப நேராப் பிடிங்க சார், ஆடுது… ஆமா, நாலுதான்." நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு நகர்ந்தார்.

"கொஞ்சம் இருங்க, இதை இப்பவே உங்க கணக்குல சேர்த்துடலாம், நான் எப்படின்னு காட்டுறேன்."

"சாயங்காலம் நானே சேத்துக்குறேன். பதினாலும் படிச்சிருக்கேன்ல." முன்பக்கம் போய் மீட்டர் பெட்டியைத் திறந்தார். "நகருங்க சார். மீட்டர் பாக்க வந்தவ மீட்டரைப் பாக்கணும்."

மாலை ஆறு மணிக்குக் கட்டுரையில் ஒரு திருத்தம் வந்தது. "எண் 11: 2015இல் நான்கடி இரண்டங்குலம். இந்த ஆண்டு மூன்றடி நான்கங்குலம். மேற்கோள்: பின்பக்கச் சுவர். பார்த்த நாள்: டிசம்பர் 10. உடன் பார்த்தவர்: சபேசன்."

வளைகுடா வேந்தன் "மேற்கோள் தேவை" என்ற எச்சரிக்கை வார்ப்புருவை அந்த வரிக்குப் பக்கத்தில் இட்டார். எடுத்தேன். மறுபடி இட்டார். மறுபடி எடுத்தேன்.

ஜனவரி 11, ஞாயிறு

பொங்கலுக்கு வீட்டுக்குப் பெயின்ட். பின்சுவரில் இரண்டு கோடும் தெரியும்படி ஒரு முழ அகலம் விட்டுவிடச் சொன்னேன். பெயின்டர் புரியாமல் இந்துமதியைப் பார்த்தார்.

"விட்டுடுங்க, அது அவரோட புஸ்தகம்" என்றாள்.

இன்று வரவேற்ற புதியவர் ஒருவர். மதுரைப் பக்கம் எங்கேயோ கிணறுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். மேற்கோள் ஒன்றும் இல்லை. மிக நீளம். பாதிவரை படித்திருக்கிறேன்.